பாட்டு எழுத வைப்பது எது? யாரும் கேட்காமலே எழுதுகிறவர்கள் கொஞ்சம் வாருங்கள்

வைகைக்கரை:
கணக்கு எழுதுவது எனக்கு வேலை, பாட்டு எழுதுவது பழக்கம். சினிமா வாய்ப்பு தேடி அலைகிறவன் இல்லை, அதற்கான வயதும் தாண்டிவிட்டது. ஆனால் பஸ்ஸில் போகும்போது ஒரு சந்தம் மண்டைக்குள் புகுந்துவிட்டால் பல்லவி முடிகிற வரை இறங்க வேண்டிய இடம்கூட நினைவுக்கு வராது. போன வாரம் மச்சான் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பாட்டு கிடக்கே, யாருக்குய்யா எழுதுற?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "மனசு கேக்கல மச்சான்" என்று சொல்லி வைத்தேன். அது ஒரு பதிலா?

அதனால் இங்கே கேட்கிறேன். ஒரு ஆள் எதற்காகப் பாட்டு எழுதுகிறான்? கவிதை, கதை எல்லாம் வேறு. நான் கேட்பது மெட்டோடு, வாய்விட்டுப் பாடுவதற்கென்றே எழுதுகிற பாட்டு. புகழ், காசு, காதல் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் போய்விடாதீர்கள்.

ஒத்தவரி:
காசு.

மெட்டுக்காரன்:
ஒத்தவரி சொன்னது பாதி சரி. நெல்லைப் பக்கம் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கீபோர்டும் நானே, மிக்சிங்கும் நானே, அவசரத்துக்குப் பாட்டு எழுதுவதும் நானே. எங்களுக்கு சீசன் உண்டு. ஆடிக்கு அம்மன் பாட்டு, கார்த்திகைக்கு ஐயப்பன் பாட்டு, இடையில் கோயில் கொடைத் திருவிழா. கமிட்டியிலிருந்து நாலு பேர் பைக்கில் வருவார்கள். "எங்க ஊர் அம்மனுக்கு ஒரு பாட்டு வேணும். ஊர் பேர் வரணும், தெப்பக்குளம் வரணும், பக்கத்து ஊர்க்காரன் போட்ட பாட்டைவிட நல்லா இருக்கணும்" என்பார்கள். அந்தக் கடைசி நிபந்தனைதான் அவர்கள் வந்த காரணமே. அப்புறம் உபயதாரர் பேர். இரண்டு இனிஷியல், ஒரு பட்டப்பெயர், ஒரு கடைப்பெயர் என்று வண்டி நீளத்துக்கு இருக்கும் மனிதரை எந்தச் சந்தத்துக்குள் அடைப்பது? "தன்னன தானன தன்னானே" என்று தத்தகாரம் போட்டுப் பாடிப் பார்த்து, இனிஷியலை இழுத்து, கடைப்பெயரைச் சரணத்துக்குத் தள்ளி, ஒரு வழியாக உட்கார வைப்பேன்.

காசு வாங்கித்தான் உட்காருகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இரண்டாம் சரணம் போகும்போது காசு ஞாபகத்திலேயே இருப்பதில்லை. ஒரு கொடைக்கு நானே போய் நின்றேன். குழாய் ஸ்பீக்கரில் நம்ம பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, பந்திக்குப் பின்னால் அண்டா கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மா தலையைத் தூக்காமலே வரிக்கு வரி வாயசைத்துக்கொண்டிருந்தார். அதற்காக என்றால் சும்மாவே எழுதிக் கொடுத்திருப்பேன். கமிட்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த வரியை மட்டும் விட்டுவிடவும்.

பழைய ஏடு:
காசும் பாட்டும் ஒன்றுக்கொன்று ஆகாது என்கிற எண்ணம் நமக்கு எப்போது வந்து ஒட்டிக்கொண்டதோ, பழைய ஆட்களுக்கு அந்தக் கூச்சமே கிடையாது. சங்கப் பாணர்கள் பசியோடுதான் யாழைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பரிசு வாங்கித் திரும்புகிறவன் எதிரே வருகிற பசித்தவனை நிறுத்தி, "இன்னாரிடம் போ, இந்த வழியாகப் போ" என்று சொல்வதை ஆற்றுப்படை என்று ஒரு தனி வகையாகவே வைத்திருந்தார்கள். இன்றைக்கு வேலைவாய்ப்பு வாட்ஸ்அப் குழு நடத்துகிறவர்கள் செய்வதும் இதுதான்.

தேவாரம் பாடிய சுந்தரரை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டையூரில் நெல் கிடைத்துவிட்டது, திருவாரூருக்குக் கொண்டுபோக ஆள் இல்லை, வீட்டில் மனைவி பரவையார் வாடிக்கொண்டிருக்கிறார். திருக்கோளிலியில் நின்று பாடுகிறார்: "குண்டையூர்ச் சிலநெல்லுப் பெற்றேன், ஆளிலை எம்பெருமான் அவை அட்டித் தரப்பணியே." லாரி கேட்டுப் பாடிய பாட்டு ஐயா அது! இன்றைக்கும் ஓதுவார்கள் உருகிப் பாடுகிறார்கள்.

ஆனால் ஒத்தவரிக்கு ஒரு பதிலும் அதே பழைய ஏட்டில் இருக்கிறது. பெருஞ்சித்திரனார் என்று ஒரு புலவர், குமணனைப் பாடிய பாட்டுகளில் வீட்டுப் பசியைக் கொஞ்சமும் ஒளிக்காமல் சொன்னவர். அப்பேர்ப்பட்டவர் அதியமானைப் பார்க்கப் போகிறார். அவன் இவரைப் பார்க்காமலே பரிசை மட்டும் கொடுத்தனுப்புகிறான். "காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்று சொல்லிவிட்டார். புறநானூறு 208. என்னை அறிந்து தந்தால் தினையளவு போதும் என்பதுதான் மிச்சப் பாட்டு. வயிறு காய்கிறது, இருந்தும் முகம் பார்க்காத காசு வேண்டாம். மெட்டுக்காரர் அண்டா கழுவுகிற அம்மாவைச் சொன்னாரே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. கேட்கிறவர் ஒருவர் வேண்டும். பாட்டு எழுத வைப்பது அந்த ஒருவர்தான் என்பது என் கட்சி.

ஒத்தவரி:
மன்னர் நேரில் வந்து தந்திருந்தால் வாங்கியிருப்பார்தானே? அப்ப காசுதான்.

பழைய ஏடு:
வாங்கியிருப்பார். நீங்களும் சம்பளம் வாங்குகிறீர்கள். அதற்காக இங்கே வந்து எழுதுவதும் சம்பளத்துக்கா?

வியாசர்பாடி கானா:
ண்ணா, நம்ம பக்கம் கதை வேற. சாவு வீட்டுல கானா பாடுறவன் நான். ஆள் போயிட்டார்னா ராத்திரி பூரா பாடணும். பொதுவான கானா நிறைய இருக்கும், அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த ஆளுக்குன்னு ஒரு பாட்டு கட்டணும், அதுதான் மேட்டர். வீட்டு ஆளுங்க கிட்ட போய் நாலு விஷயம் கேட்பேன். தெருவுல அவரை என்ன பேர் சொல்லி கூப்பிடுவாங்க, என்ன வேலை, எந்த கடையில டீ குடிப்பார், யார் கூட பேச்சுவார்த்தை இல்லாம இருந்தார். கடைசி கேள்விக்கு யாராவது ஒருத்தர் பதில் சொல்லுவாங்க, சொல்லிட்டு அழுவாங்க. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மிச்சம் இருக்கும்ல, அது பின்னாடியே எழுதிடுவேன். எழுத நேரமும் இருக்காது, அங்க டோலக் தட்ட ஆரம்பிச்சிருப்பாங்க.

ஒரு தடவை பேச்சுவார்த்தை இல்லாத அந்த தம்பியே கூட்டத்துல பின்னாடி நின்னுட்டு இருந்தாரு. பாட்டுல அவர் பேரை சேர்த்தேன். திட்டல, ரெண்டு பேரும் சின்ன வயசுல கோலி ஆடுன இடத்தை மட்டும் சொன்னேன். அதுக்கு மேல என்ன ஆச்சுன்னு சொல்ல வேணாம்.

காசு தருவாங்க, வாங்கிப்பேன். ஆனா காசு தராத வீட்லயும் பாடியிருக்கேன், அது எங்க தெரு.

பேரையூர் டீச்சர்:
கானா தம்பி, அருமை. பழைய ஏடு ஐயாவோடு மட்டும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

எங்கள் அப்பத்தா திரிகையில் உளுந்து உடைக்கும்போது பாடும். நல்ல குரல் இல்லை, கரகரவென்று இருக்கும். வீட்டில் யாரும் இல்லாத மதியத்தில் மட்டும்தான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் பாட்டு நின்றுவிடும், திரிகை மட்டும் சுற்றும். நாங்கள் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்று கேட்போம். அந்த வரிகளை வேறு யாரும் பாடிக் கேட்டதில்லை, அதுவாகவே கட்டியவைதான். கேட்கிறவர் வந்தால் நிற்கிற பாட்டுக்கு உங்கள் கட்சியில் என்ன பதில்?

இன்னொன்று ஒப்பாரி. செத்த வீட்டுக்குப் போகிற பெண்கள் அந்த வீட்டுச் சாவுக்கு மட்டும் அழுவதாக ஆண்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தூரத்து உறவில் ஒரு பெரியப்பா இறந்தபோது எங்கள் சின்னத்தை ஒருத்தி கட்டிப்பிடித்து உட்கார்ந்து பாடினாள். முதல் நாலு அடி பெரியப்பாவுக்கு. அப்புறம் தன்னைத் தண்ணியில்லாத ஊரில் கட்டிக்கொடுத்தது, கேட்டுப் போன நகைக்குப் பதில் வராதது, அண்ணிமார் வாசலில் நிற்க வைத்துப் பேசி அனுப்பியது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. அண்ணன்மார் மூன்று பேரும் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதையே ஒரு சாதாரண நாளில் சொல்லியிருந்தால் அடிதடி ஆகியிருக்கும், அவள் அந்த வாசலை மறுபடி மிதித்திருக்க முடியாது. ஒப்பாரியில் சொன்னதற்கு யாரும் வாய் திறக்கவில்லை, திறக்கவும் கூடாது, அதுதான் வழக்கம். ஒரு அண்ணன் மட்டும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

நடவு வயலிலும் இப்படித்தான். நேரத்துக்குக் கூலி தராத பண்ணையாரைப் பாட்டில் வைத்து வாங்குவார்கள், அவர் வரப்பில் குடையோடு நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். குனிந்து நட்டுக்கொண்டே பாடுகிறவர்களை எப்படித் திட்டுவது, குலவை வேறு போட்டுவிடுவார்கள்.

ஆகையால் நான் சொல்வது இது. பேச்சாகச் சொன்னால் வம்பு ஆகிற சமாசாரத்தைச் சொல்வதற்குத்தான் ஜனங்கள் பாட்டுக் கட்டுகிறார்கள். சொன்னால் குற்றம், பாடினால் இல்லை.

வைகைக்கரை:
டீச்சர், உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் போனில் இருக்கிற பாட்டுகளை எடுத்துப் பார்த்தேன். காதல் பாட்டு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவற்றில் பாதி, ஆபீசில் மேலதிகாரியிடம் சொல்ல முடியாமல் விழுங்கியவை. "போகச் சொன்னாய் போகிறேன், வரச் சொல்லாதே" என்று ஒரு பல்லவி. மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற சமயத்தில் எழுதியது.

ஒத்தவரி:
அந்தப் பாட்டு எனக்கு வேணும்.

மெட்டுக்காரன்:
டீச்சர் சொன்ன அப்பத்தாவிடம் வருகிறேன். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் அங்கே மெட்டைத் திரிகையே போட்டுவிடுகிறது. கல் ஒரு சுற்று வர எவ்வளவு நேரமோ அதுதான் தாளம். கை அந்தத் தாளத்தில் ஓடும்போது வாய் சும்மா இருக்காது. வைகைக்கரை சார் பஸ்ஸில் எழுதுகிறாரே, அதுவும் இன்ஜின் சத்தம்தான் என்று அடித்துச் சொல்வேன். வீட்டில் ஃபேன் காற்றில் உட்கார்ந்து எத்தனை பாட்டு எழுதியிருக்கிறீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.

சினிமாவிலும் பெரும்பாலும் மெட்டு முன்னால், வரி பின்னால். டம்மியாக ஏதோ ஒரு வரி போட்டு வைத்திருப்பார்கள், அந்த டம்மியே சில நேரம் கடைசி வரைக்கும் நின்றுவிடும். வெற்றுத் தாளில் எழுதச் சொன்னால் எனக்கு ஒன்றும் வராது. "தானனா தன்ன தானனா" என்று ஒரு இடம் காலியாக இருந்தால் அதை நிரப்பாமல் தூக்கம் வராது. பாட்டு எழுத வைப்பது அந்தக் காலி இடம்தான். துக்கம், காதல், மேலதிகாரி எல்லாம் அதற்குள் வந்து உட்காருகிற சரக்கு.

பழைய ஏடு:
மெட்டுக்காரர் சொல்வதைப் பாரதியும் பட்டியல் போட்டிருக்கிறார், குயில் பாட்டில். "ஏற்றநீர்ப் பாட்டின் இசையினிலும், நெல்லிடிக்கும் கோல்தொடியார் குக்குவெனக் கொஞ்சும் ஒலியினிலும்" என்று சொல்லி, சுண்ணம் இடிப்பவர் பண், பண்ணைப் பெண்கள் பாட்டு என்று போகும். இந்த நாலும் வேலைப் பாட்டு. அப்புறம் பாஞ்சாலி சபதத்துக்கு முன்னுரை எழுதும்போது "பொது ஜனங்கள் விரும்பும் மெட்டு" என்று கேட்டுக்கொண்டு வருகிறார். அவருக்கு இந்தச் சத்தங்கள் காதில் இருந்தன.

அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்தும் அப்படியே. ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போகிறார், கூட்டத்துக்கு நடக்கிற நடைக்குப் பாட்டு வேண்டும். ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே தெருவில் நடந்து பாருங்கள், கால் தானாகத் துள்ளும். பாட்டு வேண்டும் என்று கேட்டவர் ஜமீன்தார், தாளம் போட்டது கால்.

இருந்தாலும் அப்பத்தா விஷயத்தில் நான் முழுசாக இறங்கிவரவில்லை. யாரும் கேட்கவில்லை என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு பேர் வெளியே நின்றது அந்தக் கிழவிக்குத் தெரியாது என்று எனக்குத் தோன்றவில்லை.

பேரையூர் டீச்சர்:
அப்படி ஒரு கோணம் இருக்கா! தெரிந்திருந்தாலும் தெரிந்திருக்கும், லேசுப்பட்ட ஆள் இல்லை.

ஹட்டன் மழை:
கொஞ்ச நாளாக வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தேன், இதிலே எழுதாமல் இருக்க முடியவில்லை. இலங்கை மலையகத்துக் கோப்பி (காப்பி) காலப் பாட்டுகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைக் கூட்டி வந்தார்கள். மன்னார்ப் பக்கம் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுவழி நடை. காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். பிறகு மலையில் காடு வெட்டி, கோப்பி போட்டு, இலைநோய் வந்து கோப்பி அழிந்த பிற்பாடு தேயிலை. அந்தக் காலத்தில் அவர்களாகக் கட்டியது:

கூனி அடிச்ச மலை
கோப்பிக் கன்னு போட்ட மலை
அண்ணனைத் தோத்த மலை
அந்தா தெரியுது பார்

இதைக் கட்டினவர் பேர் யாருக்கும் தெரியாது. எந்த ராசாவும் பரிசு தரவில்லை, எந்தக் கமிட்டியும் கேட்கவில்லை. அண்ணன் செத்ததைத் தனியாக எடுத்து அழவில்லை, பாருங்கள். கன்று போட்டது ஒரு வரி, அண்ணனைப் பறிகொடுத்தது ஒரு வரி, இரண்டும் அந்த மலையில் நடந்த வேலைகள் மாதிரி வரிசையில் நிற்கின்றன. சின்ன வயதில் எங்கள் பாட்டி பாடக் கேட்டபோது இது எனக்கு விளங்கவில்லை, விளங்கின வயதில் திரும்பக் கேட்க ஆள் இல்லை.

இன்னொன்றும் உண்டு, அது உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். "ஊரான ஊரிழந்தேன், ஒத்தப்பனைத் தோப்பிழந்தேன், பேரான கண்டியிலே பெத்த தாயை நான் மறந்தேன்." சி.வி. வேலுப்பிள்ளை மாதிரி ஆட்கள் தேடிச் சேர்த்து அச்சில் போட்டதாலேதான் இவற்றில் பலது எஞ்சியிருக்கின்றது. கட்டினவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எழுதி வைக்கும் எண்ணமும் இல்லை. டீச்சர் சொன்னது போல எதிரே பெஞ்சில் அண்ணன்மாரும் இல்லை, துரை இருந்தார், அவருக்குப் பாட்டு விளங்காது. எதற்குக் கட்டினார்கள் என்று நான் யோசிக்கிற போதெல்லாம் ஒன்றுதான் தோன்றும். பின்னாலே வருகிறவனுக்கு அந்த மலையைக் காட்டிவிட்டுப் போக வேண்டும், வேறு யாரும் அங்கே நினைவுக்கல் நடப் போவதில்லை.

வியாசர்பாடி கானா:
ஹட்டன் அண்ணா, அந்த நாலு வரியை இன்னைக்கு நைட்டு பூரா சொல்லிட்டே இருப்பேன். "அண்ணனைத் தோத்த மலை." யப்பா.

பழைய ரேடியோ:
எல்லாரும் நாட்டுப்புறத்துக்கே போய்விட்டீர்கள், ஆர்டருக்கு எழுதியவர்களை ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வாலி பல மேடைகளில் சொன்னது. சென்னையில் வாய்ப்பே இல்லாமல், போதும் என்று மூட்டை கட்டுகிற நிலையில் இருக்கிறார். பி.பி. ஸ்ரீநிவாஸ் வந்து தான் புதிதாகப் பாடிய பாட்டைப் பாடிக் காட்டுகிறார். "மயக்கமா கலக்கமா", சுமைதாங்கி, 1962. கண்ணதாசன் எழுதியது. கேட்டுவிட்டு வாலி கிளம்பவில்லை. அடுத்த வருஷம் கற்பகம், அதற்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

கண்ணதாசன் அதை ஒரு படத்துக்காக, ஒரு கதாபாத்திரத்தின் சங்கடத்துக்காக, சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதினார். எங்கேயோ ஒரு அறையில் பிற்காலத்தில் தனக்கே போட்டியாக வரப்போகிறவன் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எழுத வைத்தது எது, அது போய்ச் சேர்ந்தது எங்கே என்பவை இரண்டும் தனித்தனிக் கணக்கு. இந்த இழையில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பட்டுக்கோட்டையாரும் அப்படித்தான். 29 வயதில், 1959-இல் போய்விட்டார். மேடை, கட்சி, சினிமா எல்லாவற்றுக்கும் கேட்டபடி எழுதிக் கொடுத்தவர். ஆனால் சிறுவயதில் குளக்கரையில் துள்ளிய கெண்டைக் குஞ்சைப் பார்த்து, தூண்டில்காரன் வருகிறான், ஓடிப்போ என்று பாடியதைத்தான் அவர் முதல் பாட்டு என்பார்கள். அந்தப் பாட்டுக்கு யார் காசு தந்தது? கெண்டையா? பிற்பாடு நாடோடி மன்னனில் காசுக்கு எழுதிய "தூங்காதே தம்பி தூங்காதே" பாட்டும் அதே எச்சரிக்கைதான், கெண்டைக்குப் பதில் தம்பி.

ஒத்தவரி:
சரி, காசு மட்டும் இல்லை. காசும்.

மெட்டுக்காரன்:
ஒத்தவரியே இறங்கிவந்துவிட்டார், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை சார், வேறு விஷயம். ஆடிக்கு மூன்று பாட்டு கையில் நிற்கிறது, எனக்கு மிக்சிங் வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது. ஒன்றை நீங்கள் எழுதித் தர முடியுமா? பல்லவி இரண்டடி, சரணம் இரண்டு, ஒவ்வொன்றும் நாலடி. சந்தம்: "தானத் தந்தன தானத் தந்தன தன்னானே". ஊரில் ஒரு அரசமரம், ஒரு ஊருணி, அம்மன் கிழக்குப் பார்த்தவள். யாருக்கு எழுதுகிறாய் என்று மச்சான் கேட்டால் ஊர் பேரைச் சொல்லிவிடலாம். காசு உண்டு, கம்மிதான்.

வைகைக்கரை:
பஸ்ஸில் ஏறிவிட்டேன், பல்லவிக்கு முதலடி கிடைத்தாயிற்று. ஊருணியில் தண்ணீர் இருக்கிறதா, வற்றிக் கிடக்கிறதா? அதைப் பொறுத்து இரண்டாமடி மாறும். உபயதாரர் பேர் என்ன?

மெட்டுக்காரன்:
தண்ணீர் இல்லை, தூர்வாரக் கேட்டு ஊரே மனு கொடுத்துக்கொண்டிருக்கிறது. அம்மனிடம் கேட்கிற மாதிரி எழுதிவிடுங்கள், தொடக்க விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிற அதிகாரி முன்வரிசையில்தான் உட்காருவார். உபயதாரர் பேர் தனியாக அனுப்புகிறேன், இங்கே போட்டால் பக்கம் தாங்காது.